விரியன் நஞ்சு திசுவை அறுப்பது எப்படி

செங்கோட்டை, புளியரை, மேக்கரைப் பக்கமிருந்தும் மலைக்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலை ரப்பர் தோட்டங்களிலிருந்தும் பாம்புக்கடியோடு வருபவர்களில் பலர், கடிவாய்க்கு மேல் துண்டாலோ கயிற்றாலோ இறுகக் கட்டிக்கொண்டே வருகிறார்கள். விரியன் நஞ்சு உடலுக்குள் செய்யும் வேலையை அறிந்தவர் எவரும் அப்படிக் கட்டமாட்டார்.

நம் செல்களுக்கு வெளியே கொலாஜன், லாமினின் போன்ற புரதங்களாலான தாங்குவலை ஒன்று உண்டு. நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள அடித்தளப் படலமும் அதன் ஒரு வகைதான். பழைய வலையைக் கழித்துப் புதியதற்கு இடம் விட, துத்தநாக அணுவை வினைமையத்தில் கொண்ட மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகளை உடலே சுரக்கிறது. 1962-இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியரும் இவ்வகையின் முதல் நொதியைத் தலைப்பிரட்டையின் வாலில் கண்டறிந்தார்கள்; தவளையாக மாறும்போது அந்த வால் கரைவதற்கு இத்தகைய நொதியே துணைசெய்கிறது. மனிதரிடம் இக்குடும்பத்தில் 23 நொதிகள் உள்ளன. காயம் ஆற இவை வேண்டும். அளவு மீறினால் ஈறு நோயில் பல்லைப் பிடித்திருக்கும் திசுவும் மூட்டுநோயில் குருத்தெலும்பும் அரிபடுகின்றன.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சில் இருப்பவை இவற்றுக்கு உறவான நொதிகள். இவை அடித்தளப் படலத்தின் நான்காம் வகைக் கொலாஜனை அறுக்கின்றன. வலுவிழந்த குழாய்ச்சுவர், உள்ளே ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தையே தாங்க முடியாமல் விரிந்து கிழிகிறது. வீக்கத்துக்கும் இரத்தக் கொப்புளங்களுக்கும் இது முக்கியக் காரணம். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு நொதிகள், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை (கண்ணாடி விரியனில் பத்தாம் உறைகாரணியையும் சுருட்டை விரியனில் புரோத்ராம்பினையும்) தூண்டிவிட, உறைபொருள்கள் வீணாகத் தீர்ந்துபோகின்றன. குழாய் கிழிந்திருக்கும் நேரத்தில் இரத்தமும் உறைவதில்லை. இதைக் கண்டறிய, சோப்புப் படியாத, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும்; இரத்தம் இன்னும் நீராக ஓடினால் அது உறையவில்லை என்று பொருள். பிளாஸ்டிக் குழாயை நம்பக் கூடாது.

இறுகக் கட்டும்போது இந்த நொதிகள் ஒரே இடத்தில் தேங்குகின்றன. இரத்த ஓட்டமும் குறைவதால் அங்குள்ள தசை அழுகுகிறது. பிளேடால் கீறுவது இதைவிட மோசம், ஏனெனில் அந்தக் கீறலில் இரத்தம் நிற்காது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு வருவதே செய்ய வேண்டியது. ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்க வேண்டாம். மருத்துவர் முன்னிலையில் அவிழ்ப்பதே பாதுகாப்பு.

நஞ்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சை முடக்கும். ஆனால் அறுபட்ட கொலாஜனை மீண்டும் நெய்யாது. ஆகவே தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தசை விலை கொடுக்கிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே, பொதுவாக முதலில் 8 முதல் 10 குப்பிகள். பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. புற்றுநோய்க்காக உருவாகி அதில் தோல்வியடைந்த மாரிமாஸ்டாட் போன்ற நொதித்தடுப்பான்களை நஞ்சுக்கெதிராக ஆய்வுக்கூடங்களில் சோதிக்கிறார்கள் என்றாலும், இன்று நம் கையில் இருப்பது நஞ்சுமுறி மருந்துதான்.

இந்த மலையடிவாரத்தில் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மூக்குநுனி மேல்நோக்கிப் புடைத்த சிறு குழிவிரியன் ரப்பர், காப்பித் தோட்டச் சருகுகளில் கிடக்கும். நாட்டில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு மட்டுமே செய்யப்பட்டது. இந்தக் குழிவிரியன் நஞ்சை அது முறிப்பதில்லை. சிறிய பாம்புதானே என்று வீட்டிலேயே இருந்துவிடும் தொழிலாளர்களில் சிலருக்குப் பின்னர் சிறுநீரகம் செயலிழக்கிறது. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயல வேண்டாம். எட்ட நின்று கைபேசியில் படம் எடுக்க முடிந்தால் அது சிகிச்சைக்கு உதவும். வீக்கம் வற்றி வீடு திரும்பிய பிறகும் சிறுநீர் குறைந்தாலோ கறுத்தாலோ அன்றே திரும்பி வந்து சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.