பாதை மென்பொருளிடம் சொல்ல வேண்டியதும் சொல்லக்கூடாததும்

கூகுள் மேப்ஸில் ஏழெட்டுக் கடைகளைப் போட்டுவிட்டு, நல்ல வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று வண்டியை எடுப்பவர்கள் மொரிசியஸில் நிறையப் பேர். அது வரிசையை மாற்றாது. நீங்கள் போட்ட வரிசைக்கே வழி சொல்லும்.

சரக்கு வண்டிகளுக்குப் பாதை வகுப்பது என் வேலை. 12 கடைகள் என்றாலே சாத்தியமான வரிசைகள் 47 கோடியே 90 லட்சத்துக்கு மேல். பழகிய ஓட்டுநர் அதில் ஓரளவு நல்லதைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார். 40 கடை, மூன்று வண்டி என்றால் அவரும் திணறுவார். டான்சிக், ராம்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-இல் பெட்ரோல் லாரிகளுக்காக எழுதிய கணக்கு இது. இன்று வ்ரூம் என்ற இலவச மென்பொருளே நொடிகளில் விடை தந்துவிடுகிறது.

ஆனால் நாம் சொல்லாததை அது யோசிக்காது. தலைநகர் போர்ட் லூயிஸில் வண்டி நிறுத்த இடம் தேடவே நேரம் போய்விடும். கடற்கரை ஓட்டல்கள் குறித்த நேரத்துக்குப் பிறகு சரக்கை வாங்க மாட்டார்கள். இறக்கும் நேரம், கதவு திறந்திருக்கும் நேரம், வண்டி தாங்கும் எடை ஆகியவற்றைக் கொடுக்காமல் வாங்கும் பாதை படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். சிவராத்திரிக்கு முந்தைய நாட்களில் கங்கா தலாவோ புனித ஏரிக்குப் போகும் சாலையெங்கும் கன்வர் என்னும் காவடி சுமந்து நடப்பவர்கள். செப்டம்பர் 8 இரவு கத்தோலிக்கப் பாதிரியார் பேர் லவாலின் கல்லறைக்கு நடக்கும் கூட்டம். தைப்பூசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தவிர்க்க வேண்டிய பகுதியை வரைபடத்தில் குறித்துக் கொடுக்கும் வசதி ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற பாதை சொல்லும் இணையச் சேவையில் உண்டு. பயன்படுத்துங்கள்.

அமெரிக்காவில் யூபிஎஸ் பார்சல் நிறுவனம் இடப்பக்கத் திருப்பங்களைத் தவிர்ப்பது பிரசித்தம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால், இடது திரும்ப எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு இங்கேயும் இடது வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம் ஐயா, நமக்குத் தொல்லை வலது.

புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் சரக்குப் பட்டியல் தருவதில்லை. "ஞாயிற்றுக்கிழமை ஆறு கோவில், பாட்டியும் வருகிறார், நடை சாத்துவதற்குள் தரிசனம், மதியச் சாப்பாடு கடற்கரையில்" என்று கொடுப்பேன். நேரம் எதுவும் குறிக்காவிட்டால், தூரத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் கோர் தெ கார்ட் மலைக்கோவிலை உச்சி வெயிலுக்குக் கூடத் தள்ளிவிடும். செருப்பில்லாமல் அந்தப் படிகளில் பாட்டியை ஏற்றுவதா என்று சிரிப்பார்கள். நேரக் கட்டுப்பாடு எதற்கென்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விளையாட்டு, ஊரின் எல்லாத் தெருக்களையும் குறைந்த தூரத்தில் ஓடி முடிப்பது. சீனக் கணித அறிஞர் குவான் மெய்கோ 1960-இல் தபால்காரருக்காக எடுத்த கேள்விதான். ஒற்றைப்படை எண்ணிக்கையில் தெருக்கள் கூடும் சந்திகள் இரண்டுக்கு மேல் இருந்தால், சில தெருக்களில் மறுபடி ஓடியே ஆகவேண்டும். எங்கள் பையன்கள் ஓடும் வழியைப் பதிவு செய்யும் செயலியை வைத்துக்கொண்டு, தெருக்களில் ஓடியே வரைபடத்தில் வேல் வரைகிறார்கள். வரையட்டும். ஆனால் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் செயலியில் மறைத்துவிடுங்கள். பெரும்பாலும் அது உங்கள் வீடு. அப்படிப்பட்ட செயலியான ஸ்ட்ராவா வெளியிட்ட ஓட்ட வரைபடத்தில் ராணுவ முகாம்களே தெரிந்தது 2018-இல் உலகச் செய்தியானது.

வாடிக்கையாளர் பட்டியலுக்கும் இதே கவனம் வேண்டும். பெயரையும் தொலைபேசி எண்ணையும் இலவசத் தளங்களில் ஏற்றாதீர்கள். இங்கே 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாதை போட இடமும் நேரமும் அளவும் போதும். பெயருக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.