டிகிரி என்றால் தலைமுறை அல்ல, படி

"நான்காம் தலைமுறைக்குள் மணம் கூடாது என்று திருச்சபை விதித்தது." இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இரத்த உறவினர் மணந்துகொள்ளத் தடை இருந்தது உண்மைதான். உறவின் நெருக்கத்தை டிகிரியால் அளந்தார்கள். ஏழு டிகிரி வரை இருந்த அதை 1215இல் ஆயர்கள் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் நான்காகக் குறைத்தது. ஆனால் டிகிரி தலைமுறை ஆகாது.

லத்தீனில் மூலச்சொல் 'கிராடுஸ்'. ஏறும் படி என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் டிகிரி ஆனது.

தலைமுறை என்று எழுதுபவர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்ததில்லை போலும். நாம் தலைமுறை எண்ணும்போது மூத்தவரையும் சேர்த்துக்கொள்கிறோம்: தாத்தா ஒன்று, அப்பா இரண்டு, நான் மூன்று. திருச்சபைக் கணக்கில் பொது மூதாதை எண்ணிக்கையிலேயே வரமாட்டார். அவர் 'ஸ்டிப்பெஸ்', அதாவது அடிமரம். அவருடைய பிள்ளைகள் முதல் படி, பேரப்பிள்ளைகள் இரண்டாம் படி. நான்காம் படி என்றால் இருவருக்கும் ஓட்டன், அதாவது தாத்தாவின் தாத்தா, ஒருவரே. 'நான்காம் தலைமுறை' என்று படிக்கும் தமிழ் வாசகரோ தாத்தாவின் அப்பாவான பூட்டனோடு நின்றுவிடுவார். ஒரு படி முழுசாகக் காணாமல் போகிறது. அப்புறம், ஒரு கிளையில் மூன்று இறக்கமும் மறு கிளையில் நான்கும் இருந்தால், நீண்ட பக்கத்தையே கணக்கில் கொண்டார்கள். அந்த இருவரும் ஒரே தலைமுறையே இல்லையே!

ஒன்று கூடினால் குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நான்காம் படி என்றால் மணம் செல்லாது, ஐந்தாம் படி என்றால் செல்லும். இங்கிலாந்தின் யார்க் நகரத் திருச்சபை நீதிமன்றம் போன்ற இடங்களில், மண வழக்குகளில் சாட்சிகள் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது இதைத்தான். கேள்விப்பட்டதைச் சொல்பவர்களுக்கு அதே பொதுச்சங்கம் கடுமையான விதி வைத்தது. வழக்குத் தொடங்கும் முன்பே, குறைந்தது இரண்டு நம்பகமான பெரியவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். இரு பக்கத்து ஆட்களையும் பெயரோ அடையாளமோ சொல்லி, படிகளைத் தனித்தனியாக எண்ணிக் காட்ட வேண்டும். ஓட்டன் வரை நினைவு வைத்திருந்த அந்த மனிதர்களின் உழைப்பை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லில் குலைத்துவிடுகிறார்கள்.

இன்னும் சிலர் 'உறவுமுறைத் தடை' என்று எழுதுகிறார்கள். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று பேசும் நமக்கு முறை என்பது கட்டிக்கொள்ளத் தகுந்த உறவு. தடைக்குப் போய் அந்தப் பெயரா? இரத்த உறவுத் தடை என்றால் தெளிவாக இருக்கிறது. டிகிரிக்குப் 'பாகை' என்று போடுபவர்கள் வடிவியல் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

படிக்கு அளவு, பிரதி என்ற பொருள்களும் உண்டுதான். 'மூன்றாம் படி உறவு' என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது. சாட்சிகள் எண்ணியதும் அப்படித்தான்: ஓர் அடிமரம், அதிலிருந்து அண்ணனும் தங்கையும், முதல் படி, அவர்களுடைய பிள்ளைகள், இரண்டாம் படி. இங்கே 'தலைமுறை' என்று போட்டுப் பாருங்கள், அண்ணன் தங்கையிடமே கணக்கு உதைக்கும்.