"சார்ஜ் நிக்குதே, அப்புறம் என்ன?"

இந்தக் கோடையில் பேட்டரி உப்பி என் ரிப்பேர் கடைக்கு வந்த ஏழாவது லேப்டாப் அது. 11.6 அங்குலத் திரை, ஒன்றேகால் கிலோகூட இல்லை. கல்லூரியில் சேரும்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கித் தந்தது. "டச்பேட் கிளிக் ஆகலைண்ணா" என்றாள் அந்த மாணவி. கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடுகிறது. மூடி சரியாக மூடாததால் சுற்றிலும் செல்லோ டேப். இரண்டு ராத்திரி அம்மிக்குழவியை மேலே ஏற்றி "அமுக்கிப்" பார்த்தாராம் அப்பா. அடித்தட்டைக் கழற்றினால் பேட்டரியின் இரண்டு செல்லும் பூரி மாதிரி உப்பிக் கிடக்கின்றன.

பேட்டரியை மாற்ற வேண்டும் என்றேன். கூட வந்திருந்த அப்பா கேட்டது இதுதான்: "மூணு மணி நேரம் சார்ஜ் நிக்குது தம்பி, அப்புறம் என்ன?"

வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். சார்ஜ் நிற்பது வேறு, பேட்டரி பத்திரமாக இருப்பது வேறு. செல்லுக்குள் இரண்டு வகைத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. சூட்டாலும் வயதாலும் உள்ளேயிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி உறையைத் தள்ளுகிறது. வாயு சேர்ந்துவிட்டது என்பதற்காகச் சார்ஜ் உடனே போய்விடாது. விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டைப் பார்த்தால், புதிதில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் இன்னும் இருப்பதாகக்கூடத் தெரியும், ஏனென்றால் உப்பலை அளக்க அதில் வழியே இல்லை. அந்தச் சவ்வு ஓரிடத்தில் நசுங்கினால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். அப்புறம் சில நொடிகளில் புகை, தீ. சார்ஜ் அதிகமாக ஏறியிருந்தால் தீயும் அதிகம். ஆக, "சார்ஜ் நன்றாக நிற்கிறது" என்பது இங்கே நல்ல செய்தியே இல்லை. குழவி அமுக்கியது டச்பேடை அல்ல ஐயா, அந்தச் சவ்வை.

"என் பழைய லேப்டாப் எட்டு வருஷம் ஓடுச்சே" என்பார்கள். ஓடியிருக்கும். 2007இல் ஏசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப் 7 அங்குலத் திரையோடு வந்தபோதுகூட பேட்டரியைப் பின்னாலிருந்து உருவி எடுக்கலாம். உள்ளே இருந்தவை எஃகுக் கூடு போட்ட உருளைச் செல்கள். அவையும் கெட்டுப்போகும், ஆனால் உப்பி வெளியே தெரியாது. இன்றைய மெல்லிய லேப்டாப்பில் தட்டையான பை மாதிரி செல்தான், அதுவும் உங்கள் உள்ளங்கை படும் இடத்துக்கு நேர் கீழே. அது வீங்கினால் முதலில் தூக்குவது டச்பேடைத்தான்.

சின்ன லேப்டாப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் பையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் ஃபேன் சத்தம் இல்லை என்றால் சூடே ஆகாது என்று நினைப்பது தவறு. ஃபேன் இல்லாததில் சூடு லேப்டாப்பின் உடம்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை மெத்தையில் வைத்து, தலையணையை முட்டுக்கொடுத்து, சார்ஜரும் மாட்டி ராத்திரி முழுக்கப் படம் பார்த்தால் சூடு எங்கே போகும்?

மேசையில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு பலகையாவது போடுங்கள். கத்திரி வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்நேரமும் சார்ஜரில்தான் இருக்கும் என்றால் செட்டிங்கில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விடுமுறைக்கு எடுத்துவைக்கும்போது பாதிச் சார்ஜோடு வையுங்கள், காலியாக வைக்காதீர்கள்.

உப்பிவிட்டது என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். காற்றை வெளியேற்றுகிறேன் என்று ஊசியால் குத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். யூடியூப் பார்த்துக் கழற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதில் கைக்குக் கிடைத்த நீள ஸ்க்ரூவை முடுக்குகிறீர்களே, அது நேராகச் செல்லுக்குள் இறங்கும். புகை வந்தால் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு எல்லோரும் அறையைவிட்டு வெளியேறுங்கள், அந்தப் புகை நஞ்சு. பிறகு 112ஐ அழையுங்கள்.

கழற்றிய பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தூய்மைப் பணியாளர் கையில் வெடிக்கும். பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் பேட்டரிக் கழிவு பற்றிய 2022ஆம் ஆண்டு விதிகளே வைத்திருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், வாங்க மறுத்தால் விடாமல் கேளுங்கள்.

மாணவியின் லேப்டாப்புக்குப் புது பேட்டரி போட்டாயிற்று, டச்பேடும் தானாகச் சரியானது. பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பழசை எடுத்துக்கலாமா தம்பி? எமர்ஜென்சி லைட்டுக்கு ஆகுமே."

மூலையில் இருந்த மணல் வாளியைக் காட்டினேன். அது ஏற்கெனவே அதற்குள் இருந்தது.