பவானி காவிரியின் கிளையாறு அல்ல

“காவிரியின் கிளை நதியான பவானியில் வெள்ளம்” என்று தென்மேற்குப் பருவமழைக் காலம்தோறும் செய்தி வந்துவிடுகிறது. தவறு. பவானி துணையாறு. காவிரியின் கிளையாறு கொள்ளிடம்.

ஆங்கிலத்தில் ட்ரிபியூட்டரி என்பது திறையைக் குறிக்கும் லத்தீன் சொல்வழி வந்தது: தன் நீரைப் பெரிய ஆற்றுக்குச் செலுத்துவது. டிஸ்ட்ரிபியூட்டரி அதே வேரில் பிறந்தது. நீரைப் பங்கிட்டுக் கொண்டுபோவது. முன்னது துணையாறு, பின்னது கிளையாறு.

வரைபடத்தில் ஆறு மரம்போலத் தெரிவதால் இரண்டையும் கிளை எனலாம் என்று வாதிடுகிறார்கள். வரைபடக் கோட்டில் நீர் ஓடும் திசை தெரியாதே! கிளைத்தல் என்றால் ஒன்றிலிருந்து பிரிதல். பவானி காவிரியிலிருந்து பிரியவில்லை. நீலகிரியில் தோன்றி, அட்டப்பாடி வழியாக வந்து சேர்கிறது. பாசனக்காரர்கள் ‘கிளை வாய்க்கால்’ என்பதைத் தாய் வாய்க்காலிலிருந்து பிரிவதற்கே சொல்கிறார்கள். ஊர்ப்பெயர்களும் தெளிவாக இருக்கின்றன. கபினி சேருமிடம் திருமகூடலு நரசிபுரம், பவானி சேருமிடம் கூடுதுறை, அமராவதி சேருமிடம் திருமுக்கூடலூர். கொள்ளிடம் பிரியுமிடமோ முக்கொம்பு. கொம்பு என்றால் கிளைதான். இத்தனை இருந்தும் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துப்போடும் மொழிபெயர்ப்பை ஏற்கவே முடியாது.

தலைக்காவிரியில் இருப்பது சிறு குளம். ஹாரங்கி, ஹேமாவதி, கபினி, அர்க்காவதி, பவானி, நொய்யல், அமராவதி என்று வரிசையாகச் சேர்ந்துதான் அது பேராறாகிறது. திருச்சியை நெருங்கும்போது கணக்கு தலைகீழாகிறது. நிலத்தின் சாய்வு குறையக் குறைய நீரின் வேகம் தணிந்து வண்டல் படிகிறது, தடம் மேடாகிறது, ஆறு பிரிகிறது: முக்கொம்பில் கொள்ளிடம், கல்லணையில் வெண்ணாறு, அதன்பின் குடமுருட்டி, அரசலாறு. பூம்புகாரில் கடலைத் தொடும் காவிரி வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

சொல் மாறினால் பொருளும் புரண்டுவிடும். பவானியில் வெள்ளம் வந்தால் கீழே கொடுமுடியில் காவிரி ஏறும். கொள்ளிடத்தில் உபரி நீரைத் திறந்தால் காவிரிக்கு அந்த அளவு சுமை குறையும். இரண்டையும் ‘கிளை நதி’ என்று எழுதினால், கரையோரத்தில் இருப்பவருக்கு நீர் வருகிறதா போகிறதா என்று எப்படித் தெரியும்?

‘உபநதி’யும் வேண்டாம். உப என்பது சிறியது, அடுத்தது என்றுதான் சொல்கிறது; சேர்வதைச் சொல்லவில்லை. துணை என்றால் உடன் வந்து சேர்வது. அந்தப் பொருள் தமிழில் எவருக்கும் விளக்கம் இல்லாமலே புரியும்.

மொழிபெயர்ப்பவர்கள் வினையைப் பார்க்கட்டும். கலக்கிறது என்றால் துணையாறு, பிரிகிறது என்றால் கிளையாறு. கோதாவரியில் கலக்கும் பிராணஹிதா துணையாறு. தவளேஸ்வரத்துக்குக் கீழே பிரியும் கௌதமியும் வசிஷ்டாவும் கிளையாறுகள்.