'சீட்' என்பது விதையும் அல்ல, தரவரிசையும் அல்ல

வட அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கின் பிளே-ஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் வெளியேற்றுச் சுற்று) முறையை மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம், 'சீட்' (seed) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழில் 'விதை' என்ற சொல்லும் தவறாமல் வந்துவிடுகிறது. 'எட்டாவது விதை அணி' என்கிறார்கள். '16 அணிகளுக்கும் மறுவிதைப்பு' என்கிறார்கள். ஆங்கிலம் அறிந்தவருக்குத்தான் இது விளங்கும். அவருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

'சீட்' 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க டென்னிஸில் புழங்கத் தொடங்கிய சொல். வலுவான ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி அவர்களை அட்டவணையில் தள்ளித் தள்ளித் தூவி வைத்தார்கள். தூவுதல்தான் அதன் உயிர். தமிழில் 'விதை' என்றதும் முளையும் தொடக்கமும் மூலகாரணமும் மனத்தில் எழுமே தவிர, யாருக்கு எதிரே யார் என்ற எண்ணம் எழவே எழாது.

விதையைவிட ஆபத்தானது 'தரவரிசை'. சரியான தமிழ்போலத் தோன்றுவதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. தரவரிசை என்பது யார் எவ்வளவு வென்றார் என்ற கணக்கு. சீட் என்பது விதிகள் ஓர் அணிக்குக் கொடுக்கும் இடம். இரண்டும் பிரிந்துபோன ஆண்டுகள் உண்டு. 2015இல் போர்ட்லாந்து அணி 51 ஆட்டங்களில்தான் வென்றிருந்தது. மெம்ஃபிஸும் சான் ஆன்டோனியோவும் ஆளுக்கு 55. ஆனாலும் போர்ட்லாந்துக்கு 4ஆவது சீட், மற்ற இரண்டுக்கும் 5, 6. தன் டிவிஷனில் (வட்டாரக் குழுவில்) முதலிடம் பிடித்த அணிக்கு முதல் நான்கில் ஓரிடம் உறுதி என்ற விதியே காரணம். அந்த விதியை அதே ஆண்டு நீக்கினார்கள். 2023இல் மயாமி 82 ஆட்டங்களின் முடிவில், லீக்கின் கிழக்கு, மேற்கு என்ற இரு பெரும் பிரிவுகளில் கிழக்கில் 7ஆம் இடம். பிளே-ஆஃபின் கடைசி இடங்களுக்கான பிளே-இன் ஆட்டத்தில் அட்லான்டாவிடம் தோற்றது, பிறகு சிகாகோவை வென்று 8ஆவது சீட்டாக உள்ளே வந்தது. முதலிடத்தில் இருந்த மில்வாக்கியை வீழ்த்தி இறுதிப்போட்டி வரை சென்றது. 'தரவரிசையில் 8ஆம் இடம் பிடித்த மயாமி' என்று எழுதினால் அது மொழிக்குறை மட்டுமல்ல, தகவல் பிழை.

நான் முன்வைப்பது 'மோதல் வரிசை'. 'மோதல்' நம் விளையாட்டுப் பக்கங்களில் நெடுங்காலமாக இருக்கும் சொல். யாரோடு யார் ஆட வேண்டும் என்பதற்கான வரிசை என்று படித்தவுடன் புரிகிறது. 'மயாமிக்கு மோதல் வரிசையில் 8ஆம் இடம்' என்பதில் என்ன குறை?

சீர்திருத்த யோசனைகளை இந்தச் சொல்லால் எழுதிப் பாருங்கள். 2018இல் லீக் ஆணையர் ஆடம் சில்வர் பேசியது, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் எட்டெட்டு அணிகளை எடுத்து, அவற்றுக்கு 1 முதல் 16 வரை ஒரே மோதல் வரிசை அமைப்பது பற்றி. தடையாக இருந்தது பயணச் சுமை: பாஸ்டனும் லாஸ் ஏஞ்சலீஸும் முதல் சுற்றிலேயே நாட்டின் இரு முனைகளுக்கும் பறக்க நேரலாம். 2019இல் வந்த யோசனை, எஞ்சும் நான்கு அணிகளுக்கு மட்டும், வென்ற ஆட்டங்களின் கணக்குப்படி மோதல் வரிசையைத் திருத்தி அமைப்பது. அதுவும் கைவிடப்பட்டது. இதை 'மறுவிதைப்பு' என்று எழுதியவர்கள் அகராதியைத்தான் திறந்திருக்கிறார்கள், ஆட்டவிதியைப் படிக்கவில்லை. விளையாட்டுச் செய்தியை மொழிபெயர்ப்பவர் முதலில் அந்த விளையாட்டைப் பார்க்க வேண்டும்.