‘பான்ஸ்’ என்றால் யார்?

சீனா, ஜப்பான் பக்கம் போய்வந்த ஐரோப்பியர்களின் பழைய பயண நூல்களைப் புரட்டினால் ‘பான்ஸ்’ என்றொருவர் அடிக்கடி எதிர்ப்படுவார். மொட்டைத் தலை, நீள அங்கி, கையில் மணிமாலை. இன்றைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்ட சொல். மொழிபெயர்க்க உட்காருகிறவருக்குச் சட்டென்று ‘பூசாரி’ என்று எழுதக் கை வரும். வேண்டாம். அவர் பௌத்தத் துறவி.

மூலம் ஜப்பானியச் சொல். ‘போஸு’ என்று பலர் சொல்வார்கள். துறவியர் விடுதிக்குத் தலைவர் என்பது அதன் முதற்பொருள். போர்த்துக்கீசியர் வாயில் அது ‘போன்ஸோ’ ஆனது, அங்கிருந்து பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. 1549 ஆகஸ்டில் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கிய பிரான்சிஸ் சவேரியார் தம் கடிதங்களில் இந்த ‘போன்ஸோ’க்களைப் பற்றி நிறையவே எழுதினார். அதற்கு ஏழு வருஷம் முன்பு, 1542இல், அவர் நம் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே இருந்தார். இங்கே போர்த்துக்கீசிய ‘பாத்ரே’ பாதிரி ஆயிற்று. ஜப்பானில் அதே ‘பாத்ரே’ ‘பதெரென்’ ஆயிற்று. 1587இல் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி நாட்டைவிட்டுப் போகச் சொன்னது இந்த பதெரென்களைத்தான். ஆக, போர்த்துக்கீசியர் ஜப்பானியத் துறவிகளுக்கு ஒரு பெயர் வைக்க, ஜப்பானியர் பாதிரிகளுக்கு ஒன்று வைத்தார்கள்.

ஜப்பானில் இன்று வெறும் ‘போஸு’ என்றால் மரியாதைக் குறைவு, நாம் ‘யார்’ விகுதி இல்லாமல் பாதிரி என்பதுபோல. ‘ஓபோசான்’ என்றால்தான் சரி. மொட்டைத் தலைக்கும் போஸு, சின்னப் பையனுக்கும் போஸு. ‘மிக்கா போஸு’ என்றால் மூன்று நாள் சாமியார், நம்மூர் ஆரம்பசூரன்தான். நாளைக்கு மழை வரக்கூடாது என்று குழந்தைகள் சன்னலில் கட்டித் தொங்கவிடும் வெள்ளைத் துணிப் பொம்மையும் ஒரு போஸுதான்.

ஜெர்மனியில் இதே சொல் கட்சி, தொழிற்சங்கப் பெரும்புள்ளிகளைக் குத்திக்காட்டும் வசவாகிவிட்டது. 1963இல் வியட்நாமின் சைகோனில் திக் குவாங் டுக் என்ற பௌத்தத் துறவி தீக்குளித்த நாட்களின் அமெரிக்கத் தூதரகத் தந்திகளிலும் ‘பான்ஸ்’ வருகிறது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன பழக்கம்.

சரி, தமிழில்? பிக்கு. பாலிச் சொல், இரந்துண்பவர் என்று பொருள். மரியாதை கூட்ட வேண்டுமென்றால் ‘அடிகள்’ இருக்கிறது; மணிமேகலையின் அறவண அடிகள் பௌத்தர்தானே. ‘தேரர்’ என்பதும் உண்டு, மூத்தவர் என்ற பொருளில். சம்பந்தர் தேவாரத்தில் பழிப்பாக வரும் அதே சொல், இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பிக்குகளின் பெயருக்குப் பின்னால் மரியாதையாக நிற்கிறது.

ஒரே இடத்தில்தான் பிக்கு இடறும். 1872இல் ஜப்பானிய அரசு துறவிகள் கல்யாணம் செய்துகொள்ளலாம், இறைச்சி உண்ணலாம், முடி வளர்க்கலாம் என்று அறிவித்தது. அப்புறம் வந்தவர்களில் பலர் மனைவி மக்களோடு கோயில் வளாகத்திலேயே குடியிருப்பவர்கள். அப்பாவுக்குப் பின் மகன் பொறுப்பேற்பது சாதாரணம். அவர்களைத் துறவி என்பதும் பொருந்தாது, பிக்கு என்பதும் பொருந்தாது. ‘பௌத்த குரு’ என்று எழுதிவிடுவேன்.