எழுவான்கரையில் உடம்பு, அமெரிக்காவில் பந்து

2014 ஜூலை 9, சாமம் தாண்டி 1.30. பிரேசிலுக்கும் ஜேர்மனிக்கும் அரையிறுதி. மட்டக்களப்பு கல்லடியில் நண்பன் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து ஏழு பேர் கிடந்தோம். 11ஆவது நிமிடத்தில் முல்லர் அடித்த கோல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு சுவரில் தலையைச் சாய்த்தேன், அவ்வளவுதான். "மச்சான் எழும்புடா, அஞ்சு!" என்று ஒருவன் உலுக்கியபோது மணி இரண்டு. 23, 24, 26, 29 ஆகிய நிமிடங்களில் நாலு கோல் விழுந்து முடிந்திருந்தது. எங்கள் கடிகாரத்தில் அது 1.53 முதல் 1.59 வரை. உலகக் கிண்ண வரலாற்றிலேயே மறக்க முடியாத ஆறு நிமிடம், நான் வாயைப் பிளந்தபடி நித்திரை.

பத்து மணிக்கே சாயம் கூடின பிளேன்ரீ ஒன்று குடித்திருந்தேன், அப்படியிருந்தும் ஏன் விழுந்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விடை கொஞ்சம் நீளமானது, 2026 உலகக் கிண்ணத்தை அமெரிக்க நேரத்தில் பார்க்கவும் அது தேவை.

நித்திரையை இரண்டு விடயங்கள் ஆளுகின்றன. ஒன்று கடன் மாதிரி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், சேரச் சேர கண் சொருகும், தூங்கினால்தான் கடன் அடையும். தேநீரில் உள்ள கஃபீன் இந்தக் கடனை அடைப்பதில்லை, அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களில் தான் உட்கார்ந்துகொண்டு கடன்காரனை வாசலிலேயே மறிக்கிறது. ஏறத்தாழ ஐந்து மணித்தியாலத்தில் பாதி கஃபீன் உடம்பை விட்டுப் போய்விடும், வாசலில் நின்றவன் போகவே மாட்டான். பத்து மணிக்குக் குடித்த தேநீர் இரண்டு மணிக்கு என்னைக் கைவிட்டதில் ஆச்சரியமில்லை.

மற்றது கடிகாரம். உண்மையாகவே கடிகாரம். மூளையின் அடியில், இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியை விடச் சிறிதாக ஒரு கொத்து இருக்கிறது, சுமார் 20,000 நரம்புக் கலங்கள். ஒவ்வொரு கலமும் ஒரு புரதத்தைச் செய்கிறது, அது போதிய அளவு சேர்ந்ததும் தன்னைச் செய்யும் வேலையையே நிறுத்திவிடுகிறது, பிறகு மெல்ல மெல்லச் சிதைந்து தீர்ந்ததும் வேலை திரும்பத் தொடங்குகிறது. கலியாண வீட்டில் கிடாரம் நிரம்பியதும் அடுப்பை அணைத்து, காலியானதும் மறுபடி மூட்டும் சமையல்காரனைப் போல. இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறத்தாழ 24 மணித்தியாலம். பழ ஈக்களில் இதைக் கண்டுபிடித்த ஹோல், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏறத்தாழ என்றுதான் சொன்னேன். மனிதர்களில் பெரும்பாலானோருக்கு அந்தச் சுற்று 24ஐ விடச் சில நிமிடம் கூட. ஆகவே யாராவது தினமும் முள்ளைத் திருத்த வேண்டும். அதைச் செய்வது சூரியன். கண்ணுக்குள் உருவம் பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் அளக்கும் கலங்கள் இருக்கின்றன, நீல ஒளிக்கு அவை கூடுதலாக அசையும். அவை நேரே அந்தக் கொத்துக்குச் செய்தி அனுப்புகின்றன.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆறு, ஆறரைக்கு எழும்புகிறவருக்கு உடல் வெப்பம் மிகக் குறைவது விடிய நாலு, நாலரை மணியளவில். அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்தள்ளும், நாளைக்கு இன்னும் பிந்தித்தான் நித்திரை வரும். அதற்குப் பின் படும் வெளிச்சம் முன்னே இழுக்கும். அமெரிக்காவில் நடக்கும் ஆட்டத்தை இங்கே இரவு 12.30க்கு ரிவியில் பார்க்கிறீர்கள், அந்த வெளிச்சம் ஒரு பக்கம் இழுக்கிறது. பிறகு ஆறு மணிக்கு முன்னரே கல்லடிக் கடலில் சூரியன் கிளம்பி மறுபக்கம் இழுக்கிறது. கயிறிழுப்பில் யார் வெல்வார்? திறந்த வெளிக் காலை வெளிச்சம் பத்தாயிரம் லக்ஸைத் தாண்டும், மூலையில் உள்ள ரிவியிலிருந்து உங்கள் கண்ணுக்கு வருவது அதில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை.

விமானத்தில் போய் இறங்கும் விளையாட்டு வீரர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இங்கேதான். நியூயோர்க் கோடையில் எங்களை விட ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே போகிறவரோடு சூரியனும் சேர்ந்து மாறிவிடுவதால், நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில் அவர் உடம்பு பத்து நாளில் பழகிவிடும். நாங்களோ 2026 உலகக் கிண்ணம் நடக்கும் 39 நாளும் விழித்திருந்தாலும் பழக மாட்டோம், ஏனென்றால் சூரியன் வாவிக்கு அந்தப் பக்கம் மாறி எழும்பப் போவதில்லை. வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று சூரியனை வைத்தே ஊருக்குப் பெயர் வைத்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லைதான்.

சுவர்க் கடிகாரம் வேறு விடயம், அது மனிதர் பேசி வைத்துக்கொள்வது. 1996இல் அரசு நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தி, பிறகு அரை மணித்தியாலம் திரும்பப் பின்னே எடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2002 ஜப்பான் இறுதியாட்டம், ரொனால்டோ இரண்டு கோல் போட்டது, மட்டக்களப்பு நகரில் மாலை ஐந்துக்குத் தொடங்கியது, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் அதே ஆட்டம் நாலரைக்கு. 2006இல்தான் இரண்டும் ஒன்றானது. சேவல்கள் இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில்தான் கூவின.

சரி, என்ன செய்யலாம்? எட்டு மணிக்கே படுத்து எழும்பலாம் என்பது எல்லாரும் போடும் திட்டம், பெரும்பாலும் தோற்கும். வழமையாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னர், அந்த உள்கடிகாரம் உடம்பை அதிகபட்சம் விழிப்பாக வைத்திருக்கும். புரண்டு புரண்டு பத்தரைக்குத்தான் கண் மூடும், அப்புறம் 12.20க்கு அலாரம். தூக்கத்தின் மிக ஆழமான பகுதி முதல் சில மணித்தியாலங்களிலேயே வருவதால், அங்கிருந்து பிடுங்கி எழுப்பினால் முதல் அரை மணி நேரம் எந்த அணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதே விளங்காது. அதை விட மத்தியானச் சோறு தின்றபின் வரும் அந்தச் சொக்கலில் ஒன்றரை மணித்தியாலம் படுப்பது நல்லது. உடம்பு தானாகவே சாயும் நேரம் அது, கடனிலும் ஒரு பகுதி அடையும்.

2026 அட்டவணைப்படி இறுதியாட்டம் எங்களுக்கு ஜூலை 20, திங்கட்கிழமை, இரவு 12.30. பெனால்டி வரை போனால் மூன்று மணி தாண்டும், அட்ரினலின் அடங்க இன்னும் கொஞ்சம். என் திட்டம் இதுதான்: ஞாயிறு மத்தியானம் நித்திரை, பிளேன்ரீ 11.45க்கு, அதற்கு முன் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கிழக்கு யன்னலில் தடித்த போர்வை ஒன்று. திங்கள் லீவு கேட்டாயிற்று, இன்னும் பதில் வரவில்லை.